1987-ல் பிறந்த ட்யூப் பெட்டி, ஆலத்தியூர் ப்ளக் பாயின்ட்... பழைய கிடார் ப்ரீஆம்ப் வாங்கலாமா?

உங்க போனில் ஒரு கிடார் ஆப் இருக்குன்னு வெச்சுக்கோங்க. திறந்தால் வரிசையா ஆம்ப்ளிஃபையர் படங்கள். ஒன்றைத் தட்டினால் ஹெவி மெட்டல், அடுத்ததைத் தட்டினால் ப்ளூஸ். மாதச் சந்தா ரெண்டு பிரியாணி விலைதான். இப்படி ஒரு காலத்தில், 1987-ல் அமெரிக்காவில் அறிமுகமான ஓர் இரும்புப் பெட்டிக்கு, நல்ல செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கும் பணத்தைக் கொடுக்கலாமா?

இந்தக் கேள்வியோடு எனக்கு போன் போட்டவர், ஆலத்தியூரில் இருக்கும் நண்பர். அரியலூர் மாவட்டத்தில் சிமென்ட் ஆலையால் பேர் தெரிந்த ஊர் அது. பகலில் ஒரு லாரி செட்டில் கணக்கு எழுதுகிறார். பங்குனி, சித்திரை, ஆடி வந்துவிட்டால் கோயில் திருவிழா மேடைகளில் லைட் மியூசிக் ட்ரூப்புக்கு கிடார் வாசிக்கிறார். அவருடைய அப்பா அந்தக் காலத்தில் மைக் செட் வைத்து நடத்தியவர். சென்னையில் இருக்கும் ஒரு கிடார் கலைஞர், "ஒரு வாரம் வெச்சு வாசிச்சுப் பாரு. பிடிச்சா எடுத்துக்க, இல்லன்னா திருப்பிக் கொடு" என்று பெட்டியைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

"மச்சி, வாங்கினா என் மொத்த சேவிங்ஸும் காலி. நீ வந்து ஒரு தடவ கேளு" என்றார். போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தப் பெட்டியோடு உட்கார்ந்ததில் தெரிந்துகொண்டதுதான் இந்தக் கட்டுரை. நீங்களும் பழைய ட்யூப் கியர் மேல் ஆசையில் இருந்தால், பணத்தை எடுக்கும் முன் இதைப் படிச்சுடுங்க.

முதல்ல, இது என்ன பெட்டி?

பேர், ஏடிஏ எம்பி-1. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஏடிஏ நிறுவனம் 1987-ல் கொண்டுவந்த கிடார் ப்ரீஆம்ப். எலெக்ட்ரிக் கிடாரின் பிக்கப்பிலிருந்து வரும் சிக்னல் ரொம்ப பலவீனமானது. அதை முதலில் தூக்கி, பேஸ், மிட், ட்ரெபிள் சரிசெய்து, வேண்டிய அளவுக்கு 'கரகரப்பு' சேர்த்துக் கொடுப்பது ப்ரீஆம்ப்பின் வேலை. ஆனால், ஸ்பீக்கரைத் தள்ளும் சக்தி இதற்குக் கிடையாது. அதற்குத் தனியா ஒரு பவர் ஆம்ப் வேணும், ஸ்பீக்கர் பாக்ஸ் வேணும். இது தெரியாமல் பெட்டியை மட்டும் வாங்கிவிட்டு, 'சத்தமே வரலையே' என்று முழிப்பவர்கள் உண்டு.

இது 'ரேக்' வகை. அகலம் 19 இன்ச், உயரம் 1.75 இன்ச். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், சர்வர் ரூமில் இரும்பு ஸ்டாண்டில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருப்பார்களே, அதே அளவு. 80-களில் பெரிய கிடார் கலைஞர்கள் மேடைக்குப் பின்னால் ஃப்ரிட்ஜ் சைஸில் இப்படி அடுக்கி வைத்திருந்தார்கள். பால் கில்பர்ட், நூனோ பெட்டன்கோர்ட் போன்ற அதிவேக கிடார் கைகளோடு சேர்த்துப் பேசப்படும் பெட்டி இந்த எம்பி-1.

இதன் ஸ்பெஷல் என்ன தெரியுமா? உள்ளே 12ஏஎக்ஸ்7 என்ற பழைய கண்ணாடி ட்யூப் ரெண்டு. ஆனால், அதைக் கட்டுப்படுத்துவது டிஜிட்டல். ஓவர்டிரைவ், பேஸ், மிட், ட்ரெபிள், கோரஸ் எல்லாவற்றையும் பட்டனை அழுத்தி எண்ணாக செட் பண்ணி, 128 இடங்களில் சேமித்துக்கொள்ளலாம். 1983-ல் வந்த மிடி தொழில்நுட்பம் மூலம் காலால் ஒரு ஸ்விட்சை மிதித்தால், பல்லவிக்கு ஒரு டோன், இன்டர்லூடுக்கு வேறு டோன் என்று நொடியில் மாறும். இன்று நம் போன் ஆப் செய்யும் 'ப்ரீசெட்' வேலைக்கு இது பெரியப்பா.

'இது வால்வு செட்டுதானே தம்பி?'

பெட்டியைக் கூடத்து மேஜையில் வைத்ததும் நண்பரின் அப்பா வந்து குனிந்து பார்த்தார். பின்பக்கம் திருப்பினார். 'ட்யூப்' என்று நாங்கள் பேசிக்கொண்டது அவருக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்னதும், "அட, வால்வுன்னு சொல்லுங்க தம்பி! நான் மைக் செட்டுக்குப் போன புதுசுல எல்லாமே வால்வுதான். போட்டதும் பாடாது. சூடாகணும். அதுக்குள்ள நாங்க ஒரு டீ குடிச்சுருவோம்" என்றார்.

அமெரிக்காவில் ட்யூப், இங்கிலாந்து வழியாக நமக்கு வந்த பேர் வால்வு. ரெண்டும் ஒன்றுதான். தாத்தா வீட்டு வால்வு ரேடியோவில் இருந்த அதே வகையறா. பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமே 1960-களில் ரேடியோ வால்வுகளைத் தயாரித்துக்கொண்டிருந்தது.

வால்வு எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்க, ஊர் ஏரி மதகை நினைச்சுக்கோங்க. ஏரி நிறைய தண்ணி இருக்கு. மதகுப் பலகையைக் கொஞ்சம் தூக்கினால் போதும், வாய்க்காலில் பெரிய ஓட்டம். கையின் சின்ன அசைவு, தண்ணியின் பெரிய அசைவாகிறது. வால்வுக்குள் காற்று கிடையாது, வெற்றிடம். நடுவில் ஓர் இழை சூடாகி, கேத்தோடு என்ற பகுதியைச் சூடாக்கும். சூடான கேத்தோடிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பும். அதுதான் ஏரித் தண்ணி. வெளியே ப்ளேட் என்ற உலோகத் தகட்டில் உயர் வோல்டேஜ் கொடுத்து அதை இழுக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் 'கிரிட்' என்ற கம்பிச் சுருள். அதுதான் மதகுப் பலகை. கிடார் சிக்னல் அந்த கிரிட்டை லேசாக ஆட்டினால், ப்ளேட்டில் பல மடங்கு பெரிய சிக்னல் கிடைக்கும்.

இப்படி மூன்று உறுப்பு கொண்ட வால்வை அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட் 1906-ல் உருவாக்கினார். 1947-ல் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்த பிறகு, ரேடியோ, டிவி, கம்ப்யூட்டர் எல்லாம் ஒவ்வொன்றாக வால்வைக் கைகழுவின. கிடார்காரர்கள் மட்டும் விடவில்லை. ஏன்?

போட்டோம்... கொசுதான் பாடியது!

அதற்குள் போவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. நண்பர் ஆர்வத்தில் ப்ளக்கை எடுத்து சுவரில் செருகப் போனார். பெட்டியின் பின்னால் '120 வோல்ட்' என்று இருந்தது. நம் வீட்டுக்கு வருவது 230. அப்படியே செருகியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நல்லவேளை, சென்னைக்காரர் கூடவே ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரையும் கொடுத்திருந்தார். வெளிநாட்டுப் பழைய கியர் எது வந்தாலும் நீங்க முதலில் படிக்க வேண்டியது பின்பக்க லேபிளைத்தான்.

பெட்டியின் அவுட்புட்டை ட்ரூப்பின் பவர் ஆம்ப்பில் கொடுத்து, அதை மேடைக்கு எடுத்துப்போகும் ஸ்பீக்கரில் விட்டோம். ரெண்டு நிமிஷம் சூடாக விட்டு, நண்பர் ஒரு கார்டு அடித்தார்.

தகர டப்பாவுக்குள் நூறு கொசு மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம். நண்பரின் முகம் விழுந்துவிட்டது. "இதுக்காடா பைக் காசு?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டேவிட்டார்.

பெட்டி மேல் தப்பில்லை. மேடை ஸ்பீக்கரில் ட்வீட்டர் இருக்கும். பாட்டு கேட்க அது வேணும். ஆனால், கரகரப்பு ஏற்றிய கிடார் சிக்னலில் உச்ச அதிர்வெண்கள் தாறுமாறாக இருக்கும். கிடாருக்கென்றே செய்யும் ஸ்பீக்கர் வெறும் பேப்பர் கோன். சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அது தானாகவே சரிந்துவிடும். அந்தச் சரிவுதான் கொசுவை வடிகட்டும் சல்லடை. நாம் ரெக்கார்டில் கேட்டு ரசிக்கும் ராக் கிடார் ஒலியில் பாதி வேலை ஸ்பீக்கருடையது. கிடார் ஆப்களில் 'கேப்' என்று ஓர் ஆப்ஷன் பார்த்திருப்பீங்க. அது இந்தச் சல்லடையைத்தான் கணக்குப் போட்டுச் செய்கிறது.

இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, அப்பா எழுந்து பின்பக்கக் கொட்டகைக்குப் போய், தூசி படிந்த ஒரு மரப்பெட்டியை இழுத்து வந்தார். 12 இன்ச் பேப்பர் கோன், ட்வீட்டர் கிடையாது. மைக் செட் காலத்து மிச்சம். ஒயர் மாற்றிச் சத்தத்தைக் குறைத்து வைத்துப் போட்டோம். அதே கார்டு. இந்த முறை கொசு இல்லை, புலி. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

கரகரப்பு ஏன் இனிக்குது?

மதகை இன்னும் தூக்கிக்கொண்டே போனால் என்ன ஆகும்? ஓர் அளவுக்கு மேல் வாய்க்கால் கொள்ளாது. வால்விலும் அப்படித்தான். சிக்னல் பெரிதாகிக்கொண்டே போகும்போது, அலையின் உச்சி மழுங்கிவிடும். இதுக்குப் பேர்தான் 'க்ளிப்பிங்'. டிரான்சிஸ்டர் சர்க்யூட் பெரும்பாலும் எல்லை வரைக்கும் நேராகப் போய், கத்தியால் வெட்டியது மாதிரி சட்டென்று வெட்டும். வால்வு எல்லைக்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாக வளையும். அதனால் மெதுவாக மீட்டினால் சுத்தமான ஒலி, அழுத்தி மீட்டினால் கரகரப்பு, நடுவில் எத்தனையோ படிகள்.

அலை மழுங்கும்போது, கிடாரில் மீட்டாத புது ஸ்வரங்களும் பிறக்கின்றன. இதுக்கு 'ஹார்மோனிக்ஸ்' என்று பேர். நீங்க ஷட்ஜம் மீட்டினால், அதன் இரண்டாவது ஹார்மோனிக் மேல் ஷட்ஜம். மூன்றாவது, மேல் ஸ்தாயி பஞ்சமம். ரெண்டுமே ஸ்ருதியோடு சேர்ந்துபோகும் ஸ்வரங்கள். அதனால்தான் அளவான கரகரப்பு நம் காதுக்குக் 'கனமாக', 'சூடாக'த் தெரியுது. 'வால்வு என்றால் இரட்டைப்படை ஹார்மோனிக்ஸ் மட்டும்தான், அதனால் இனிமை' என்று யூடியூபில் சொல்வார்கள். அதில் பாதிதான் நிஜம். லேசாகத் தூண்டும்போது இரட்டைப்படை தூக்கலாக இருக்கலாம். நன்றாக முறுக்கினால் ரெண்டும் கலந்தே வரும்.

ராக் பாட்டில் ஏன் எப்போதும் 'பவர் கார்டு' அடிக்கிறார்கள் என்பதற்கும் இதில் பதில் இருக்கு. பவர் கார்டில் ஸ, ப ரெண்டு மட்டும்தான். காந்தாரத்தைச் சேர்த்து முழு கார்டு அடித்தால், கரகரப்பில் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று மோதி வேண்டாத ஒலிகள் கிளம்பி, சேறு மாதிரி குழம்பிவிடும். நாங்களும் அடித்துப் பார்த்தோம். ஸ-ப கம்பீரம், ஸ-க-ப கூழ்.

இன்னொரு லாபம், 'சஸ்டெயின்'. உச்சி மழுங்குவதால் பெரிய சத்தமும் சின்ன சத்தமும் கிட்ட வந்துவிடும். ஸ்வரம் சீக்கிரம் அணையாமல் நீண்டு நிற்கும். நண்பர் கரகரப்பை ரொம்பக் குறைத்து வைத்துக்கொண்டு, ஒரு நரம்பை இழுத்து கமகம் பிடித்தார். அது நின்றது. மாண்டலின் யு.ஸ்ரீநிவாஸ் அக்கூஸ்டிக்கை விட்டு, ஐந்து நரம்பு எலெக்ட்ரிக் மாண்டலினுக்குப் போனதை இங்கே நினைத்துப் பாருங்க. கமகத்துக்கு ஸ்வரம் நீண்டு நிற்கணும், எலெக்ட்ரிக் அதைத் தருது. சுகுமார் பிரசாத், பிரசன்னா போன்றவர்கள் எலெக்ட்ரிக் கிடாரில் கர்னாடக இசை வாசித்ததற்கும் இந்த நீளல் கைகொடுத்தது.

கோரஸ்: பஜனை கோஷ்டி ஃபார்முலா

எம்பி-1 பெட்டியிலேயே இருக்கும் எஃபெக்ட், கோரஸ். மார்கழி பஜனையில் பத்துப் பேர் ஒரே வரியைப் பாடும்போது கவனிச்சிருக்கீங்களா? யாரும் ஒரே நொடியில், ஒரே ஸ்ருதியில் துல்லியமாகப் பாடுவதில்லை. ஒருத்தர் கண்ணிமைக்கும் நேரம் பின்னால், இன்னொருத்தர் மயிரிழை மேலே. அந்தச் சின்னச் சின்னப் பிசகுதான் 'கூட்டம் பாடுது' என்ற உணர்வைக் கொடுக்குது. கோரஸ் செய்வதும் அதுதான். சிக்னலை ரெண்டாகப் பிரித்து, ஒரு பிரதியைச் சில மில்லி செகண்ட் தாமதப்படுத்தி, அந்தத் தாமதத்தை மெதுவாக ஏற்றி இறக்கும். ரெண்டையும் சேர்த்தால் ஒரு கிடார், ரெண்டு மூணு கிடார் மாதிரி மினுமினுக்கும்.

கரகரப்பை எடுத்துவிட்டு, கோரஸை மட்டும் போட்டு ஆர்பெஜியோ வாசித்தார் நண்பர். 80-களின் பாட்டுகளில் கேட்ட அந்தக் கண்ணாடி மாதிரி கிடார் அப்படியே கூடத்துக்கு வந்தது. இதுக்கு அம்மாவிடமிருந்து எந்தக் கமென்ட்டும் இல்லை. எங்க ஊர்ப்பக்கம் அதுக்குப் பேர் பாராட்டு.

ஹம் போகணும்னு உயிரை விடலாமா?

இப்போதான் அன்றைய நாளின் முக்கியமான விஷயம். ஓவர்டிரைவை ஏற்றியதும், வாசிக்காதபோதும் 'ம்ம்ம்ம்...' என்று ஒரு ஹம். நண்பர் பழகிய கையோடு டேபிள் டிராயரைத் திறந்து, ரெண்டு பின் அடாப்டர் ஒன்றை எடுத்தார். மூணு பின் ப்ளக்கை அதில் செருகி சுவரில் போட்டால், எர்த் பின் கழன்றுவிடும். சில நேரம் ஹம் குறையும். மேடையில் பல பேர் செய்யும் 'ட்ரிக்' இது.

"வைடா அதை கீழ!" என்றார் அப்பா. அதுவரை அவர் குரல் உயர்ந்து நான் கேட்கவில்லை. "ஹம்மு போகணும்னு உயிரையாடா விடுவ?"

அவர் சொன்னது மிகையில்லை. எலெக்ட்ரிக் கிடாரின் உலோக நரம்புகள் பெரும்பாலும் சர்க்யூட்டின் கிரவுண்டோடு இணைந்தவை. உங்க கை எப்போதும் நரம்பில். எர்த் இல்லாத பெட்டியில் எங்காவது ஒயர் உரசி, பாடிக்கு மின்சாரம் வந்துவிட்டால் அது நேராக நரம்புக்கு வரும். நீங்க பாட மைக்கில் உதடு வைக்கும்போது, அந்த மைக் வேறு இடத்தில் எர்த் ஆகியிருந்தால், மின்சாரம் உங்க வழியாகப் போகும். தலைகீழாகவும் நடக்கும். 1972 மே 3 அன்று, வேல்ஸின் ஸ்வான்ஸீ நகரில், 'ஸ்டோன் த குரோஸ்' இசைக்குழுவின் கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி, மேடையிலேயே எர்த் ஆகாத மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். வயது 27.

நம் திருவிழா மேடையை யோசிச்சுப் பாருங்க. ஈரத் தரை, வெறுங்கால், ஜெனரேட்டர் ஒரு பக்கம், கோயில் லைன் ஒரு பக்கம், நடுவில் ஒட்டுப்போட்ட ஜங்ஷன் பாக்ஸ்.

சரி, எர்த் பின்னோடு போட்டும் ஏன் ஹம் அடிக்குது? அப்பாவுக்கு சந்தேகம். மெயினை ஆஃப் பண்ணச் சொல்லிவிட்டு, தெருவில் இருந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். போர்டைக் கழற்றிப் பார்த்தால், எர்த் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை. கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. வெளியே எர்த் குழி காய்ந்துபோய் வெடித்திருந்தது. நண்பர் அந்த போர்டில்தான் வருஷக்கணக்கா தினமும் ராத்திரி கிடார் வாசித்துக்கொண்டிருக்கிறார். கூடத்தில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஒயரை இணைத்து, குழிக்குத் தண்ணி ஊற்றி, எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்துச் சரிபார்த்த பிறகு மறுபடி போட்டோம். ஹம் பாதிக்கு மேல் குறைந்தது. மிச்சத்துக்கு வேறு காரணம். நம் மின்சாரம் நொடிக்கு 100 முறை திசை மாறுகிறது. அதன் காந்தப்புலத்தை கிடாரின் சிங்கிள் காயில் பிக்கப் ஆன்டெனா மாதிரி பிடித்துக்கொள்கிறது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரைத் தள்ளி வைத்து, நண்பர் கிடாரோடு கொஞ்சம் திரும்பி உட்கார்ந்ததும் அதுவும் அடங்கியது.

நீங்க செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

* பவர் ஒயரின் எர்த் பின்னை வெட்டாதீங்க, அடாப்டர் போட்டு மறைக்காதீங்க. எந்த ஹம்முக்கும் அது தீர்வு கிடையாது.
* ப்ரீஆம்ப், பவர் ஆம்ப், மிக்ஸர் எல்லாவற்றையும் ஒரே போர்டிலிருந்து எடுங்க. வெவ்வேறு இடத்தில் எர்த் ஆனால் அந்தச் சுற்றே ஹம் அடிக்கும்.
* அப்படியும் ஹம் இருந்தால், சிக்னல் ஒயரில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் போட்டு அதன் 'கிரவுண்ட் லிஃப்ட்' ஸ்விட்சைப் பயன்படுத்துங்க. சிக்னல் எர்த்தைப் பிரிக்கலாம், பவர் எர்த்தைப் பிரிக்கக் கூடாது.
* மலிவான ஸ்டெப் டவுன் பல, 'ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்' வகை. வோல்டேஜைக் குறைக்கும், மெயின் லைனிலிருந்து உங்களைப் பிரிக்காது. எர்த் தொடர்ச்சி உள்ளதாகப் பார்த்து வாங்குங்க.
* வாசிக்கும் அறையின் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போடச் சொல்லுங்க. உடம்பு வழியாக மின்சாரம் கசிந்தால் சட்டென்று கட் பண்ணிவிடும்.

ஆப்பா, பெட்டியா? கண்ணைக் கட்டி ஒரு டெஸ்ட்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நேரடிப் போட்டி. ஒரு பக்கம் எம்பி-1. இன்னொரு பக்கம், ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாக நண்பரின் போன் ஆப். பவர் ஆம்ப் ஒன்றே, மரப்பெட்டி ஸ்பீக்கரும் ஒன்றே. ஆப்பில் 'கேப்' ஆஃப். போனில் சவுண்ட் மீட்டர் வைத்து ரெண்டின் சத்தத்தையும் சமமாக்கினோம். இது ரொம்ப முக்கியம். கொஞ்சம் சத்தமாகக் கேட்பதை 'நல்லா இருக்கு' என்று நம் காது நம்பிவிடும். கடையில் கியர் வாங்கும்போதும் இதை மறந்துடாதீங்க.

நானும் அப்பாவும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தோம். நண்பர் மாற்றி மாற்றி வாசித்தார். முழுக் கரகரப்பில் பத்து முறை கேட்டு நான் சரியாகச் சொன்னது ஐந்து. காசு சுண்டிப் போட்டிருந்தாலும் அதுதான் கிடைத்திருக்கும்! லேசான கரகரப்பில் எட்டு சரி. அங்கே பெட்டியின் ஒலி விரலுக்கு ஏற்ப இளகுவது கேட்டது. ஆனால், நல்ல ஆப்களும் இன்று அதைக் கிட்டத்தட்ட செய்துவிடுகின்றன என்பதையும் சொல்லணும்.

அப்பா சொன்னதுதான் எனக்கு இன்னும் காதில் இருக்கு. "எது வால்வு, எது போனுன்னு எனக்கும் தெரியல தம்பி. ஆனா சிலதுல இவன் நிதானமா வாசிக்கிறான். சிலதுல அவசரப்படுறான்." குறித்து வைத்திருந்த பேப்பரை எடுத்துப் பார்த்தோம். அவர் 'நிதானம்' என்று சொன்னதில் பெரும்பாலானவை பெட்டி.

இதுக்கு மந்திரம் ஒன்றும் தேவையில்லை. போன் வழியாகப் போகும் சிக்னல், எண்ணாக மாறி, கணக்குப் போட்டு, திரும்ப ஒலியாக மாற நேரம் எடுக்கும். ஒலி ஒரு மில்லி செகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். 10 மில்லி செகண்ட் தாமதம் என்றால் ஸ்பீக்கர் மூன்றரை மீட்டர் தள்ளிப் போன மாதிரி. போனும் இன்டர்ஃபேஸும் சுமாராக இருந்தால், தாமதம் இதைவிடக் கூடும். கேட்பவருக்குத் தெரியாது, வாசிக்கும் விரலுக்குத் தெரியும். இன்னொன்று, ஆப்பில் வாசிக்கும்போது நண்பர் நிமிஷத்துக்கு ஒரு தடவை வேறு ஆம்ப், வேறு எஃபெக்ட் என்று தட்டிக்கொண்டே இருந்தார். நடுவில் வாட்ஸ்அப் மெசேஜ் வேறு. பெட்டியில் ஒரு டோன் செட் பண்ணிவிட்டு முக்கால் மணி நேரம் தலை நிமிரவில்லை.

வாங்கப் போறீங்களா? இதைப் பாருங்க

* வோல்டேஜ் லேபிள். 120-ஆ, 230-ஆ? 60 ஹெர்ட்ஸ் மட்டும் என்று இருந்தால், நம் 50 ஹெர்ட்ஸில் டிரான்ஸ்ஃபார்மர் அதிகம் சூடாகலாம்.
* அரை மணி நேரம் ஓட விடுங்க. சூடான பிறகுதான் சில கோளாறு வெளியே வரும்.
* மூடியை வெளியிலிருந்து விரலால் லேசாகத் தட்டுங்க. ஸ்பீக்கரில் 'டிங்' என்று மணி அடித்தால், வால்வு மாற்ற வேண்டிய நிலையில் இருக்கலாம். 12ஏஎக்ஸ்7 இன்றும் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனாவில் தயாராகிறது. ஆன்லைனில் கிடைக்கும்.
* ப்ரீசெட் சேமித்து, ஆஃப் பண்ணி, ஆன் பண்ணிப் பாருங்க. காணாமல் போனால் உள்ளே இருக்கும் மெமரி பேட்டரி ஆயுசு முடிந்தது.
* முப்பது வருஷம் தாண்டிய பெட்டியில் மின்தேக்கிகள் காய்ந்திருக்கும். மாற்றும் செலவையும் விலையில் கணக்கு போடுங்க.
* மூடியை நீங்களே திறக்காதீங்க. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் வால்வு சர்க்யூட்டின் மின்தேக்கிகளில் ஆபத்தான வோல்டேஜ் தங்கியிருக்கும். தெரிந்த டெக்னீஷியனிடம் கொடுங்க.
* சிமென்ட் தூசி, செம்மண் தூசி உள்ள ஊரா? வாசிக்காத நேரம் துணி போட்டு மூடி வைங்க. ஓடும்போது துணியை எடுத்துடுங்க.
* பெட்டி விலையோடு பவர் ஆம்ப், ஸ்பீக்கர், ஸ்டெப் டவுன், ஒயர் விலையையும் கூட்டுங்க. அதுதான் நிஜ விலை.

கடைசியில் வாங்கினாரா?

சாயங்காலம் டீ குடிக்கும்போது நண்பர் கணக்குப் போட்டார். பெட்டி பிடிச்சிருக்கு. ஆனால், கேட்பவருக்குப் பெரிய வித்தியாசம் இல்லாத ஒன்றுக்கு மொத்தச் சேமிப்பையும் கொட்ட மனசு வரவில்லை. அந்தக் காசில் ஒரு துண்டை எடுத்து, வீட்டுக்குப் புது எர்த் குழி, ஆர்சிசிபி, ட்ரூப்புக்கு எர்த் சரியாக உள்ள ஒரு நல்ல ஜங்ஷன் பாக்ஸ். அப்பாவின் மரப்பெட்டி ஸ்பீக்கர் இனி கூடத்தில் இருக்கும். ஆப்பில் ஒரே ஒரு டோன் வைத்துக்கொண்டு, போனை ஃப்ளைட் மோடில் போட்டு, தினமும் முக்கால் மணி நேரம் வாசிப்பது. ஆடித் திருவிழா சீசன் முடிந்த பிறகும் ஆசை மிச்சம் இருந்தால், பெட்டியை மறுபடி யோசிப்பது.

உங்க கணக்கு வேறயா இருக்கலாம். தினமும் வாசிக்கிறவர், பழைய கியரைப் பராமரிக்கப் பொறுமை உள்ளவர், தெரிந்த டெக்னீஷியன் இருக்கிறவர் என்றால் வாங்குங்க, வருத்தப்பட மாட்டீங்க. 'அது வந்தா நான் நல்லா வாசிப்பேன்' என்று நினைத்து மட்டும் வாங்காதீங்க. அந்த நிதானத்தைக் காசு இல்லாமலும் கொஞ்சம் பழகிக்கலாம்.

நான் பஸ் ஏறக் கிளம்பும்போது அப்பா ஒரு குடம் தண்ணியோடு வீட்டுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தார். எர்த் குழிக்குத்தான்.